ட்ரே மேல சாமி படம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு 'ஏஐ பேஸ்டு ஸ்மார்ட் கிளினிக் மேனேஜ்மென்ட் சிஸ்டம்'னு தலைப்பு கொடுத்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எப்படியும் உங்க கிளாஸ்லயே மூணு டீம் இருப்பீங்க. போன செமஸ்டர் வரைக்கும் நானும் அதே கூட்டம்தான். இப்போ நான் சொல்ல வர்றது வேற. ஆப் எழுதுறதுக்கு முன்னாடி, அந்த கிளினிக் ரிசப்ஷன்ல நிக்கிற ஜெராக்ஸ் மெஷினோட மெனுவை ஒரு தடவை முழுசா திறந்து பாருங்க.

காரணம் என் தாத்தா. சர்க்கரையால கால்ல புண், ஆபரேஷன், எட்டு நாள் எங்க ஊர் நர்சிங் ஹோம் ஒண்ணுல இருந்தார். டிஸ்சார்ஜ் அன்னிக்கு இன்ஷூரன்ஸுக்காக எல்லாப் பேப்பரும் ரெண்டு செட் காப்பி எடுக்கணும். நாப்பது தாளுக்கு மேல இருக்கும். ரிசப்ஷன்ல இருந்த அக்கா ஒவ்வொரு தாளா கண்ணாடியில வச்சு, மூடி, பட்டன் அமுக்கி, எடுத்து, அடுத்ததை வச்சாங்க. நடுவுல ரெண்டு போன். டோக்கன் கேட்டு நிக்கிற கூட்டம் வேற. லேப் ரிப்போர்ட் தாளோட ரெண்டு பக்கமும் அச்சாகியிருந்தது. அந்த அவசரத்துல சில தாளோட பின்பக்கம் விட்டுப்போச்சு.

கிளெய்ம் திரும்பி வந்தது. 'ரிப்போர்ட் முழுமையாக இல்லை.' பில்லை வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருந்தோம். அப்பா ரெண்டு நாள் லீவு போட்டு அலைஞ்சார். தாத்தாவோ, தன்னால்தான் இவ்வளவும்னு சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தார். அதைக் கேட்கிறதுதான் எங்களுக்கு வட்டியை விடக் கஷ்டமா இருந்தது.

அக்கா மேல எனக்குக் கோபமே இல்லை. மறுபடி பேப்பர் வாங்கப் போனப்போதான் மெஷினைச் சரியா பார்த்தேன். தலையில ஒரு ட்ரே, அது மேல அப்பாயின்ட்மென்ட் நோட்டு, ஒரு சாமி படம், காஞ்ச மாலை. தாள்களை அடுக்கி வச்சா தானா ஒவ்வொண்ணா உள்ள இழுத்து, ரெண்டு பக்கமும் படிச்சுக்கிற ட்ரே அது! "அதுல கை வைக்காதீங்கன்னு மெஷின்காரர் சொல்லிட்டுப் போனார் தம்பி"ன்னாங்க அக்கா. மெனு முழுக்க இங்கிலீஷ். தப்பா ஏதாவது அமுக்கினா சம்பளத்துல பிடிப்பாங்களோங்கிற பயம். நம்ம காலேஜ் லேப்ல இருக்கிற பாதி மெஷினை நாமளும் அப்படித்தானே தொடாம வச்சிருக்கோம்?

அனுமதி வாங்கிக்கிட்டு ஒரு மத்தியானம் தோண்டினேன். ஆதார் கார்டோட முன்னும் பின்னும் ஒரே பக்கத்துல வர்றதுக்குத் தனி பட்டன் இருக்கு. 'ரெண்டு பக்கம், ரெண்டு செட், வரிசையா அடுக்கி' அப்படிங்கிற செட்டிங்கை ஒரு தடவை சேமிச்சு வச்சா அப்புறம் ஒரே அமுக்கு. ஸ்கேன் பண்ணினதை நேரா கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்பலாம். இதுல கோடிங் ஒரு வரி கூட இல்லை.

ஃபோல்டர் சும்மா வசதிக்கு மட்டும் இல்லைங்க. 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 வருஷம் வச்சிருக்கணும். கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். மூட்டைக்குள்ள தேடுறவங்களால அது எப்படி முடியும்? அப்புறம் ஈசிஜி. அது பெரும்பாலும் சூட்டுல அச்சாகிற தாள், நாளாக ஆக மங்கிடும். வந்த அன்னிக்கே சாதாத் தாள்ல காப்பி எடுத்து வச்சாதான் உண்டு. ஆனா ஈசிஜி சுருளையும் ஸ்டேப்ளர் பின் எடுக்காத தாளையும் ட்ரேல விடாதீங்க, சிக்கிக்கும். அதுக்குக் கண்ணாடிதான்.

மெஷினைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பச் சொல்லலை. 2013ல ஜெர்மனியில டேவிட் க்ரீசல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். சில ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்கள் ஸ்கேன் பண்ணும்போது 6ஐ 8ஆ மாத்திடுது! ஃபைல் சைஸைக் குறைக்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் போடுற சுருக்கும் முறைதான் காரணம். கம்பெனி அப்புறம் சாஃப்ட்வேரைத் திருத்தினது. ஆனா அந்த 6, ஒரு மாத்திரையோட அளவா இருந்திருந்தா? ஸ்கேன் தரத்தைக் கூட்டி வைங்க. எண்களை ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, பல ஆபீஸ் காப்பியர்களுக்குள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கு. நியூயார்க்ல அஃபினிட்டி ஹெல்த் பிளான்னு ஒரு நிறுவனம் வாடகைக் காப்பியர்களை டிஸ்க்கை அழிக்காமலே திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதுல ஒண்ணை வாங்கின சிபிஎஸ் செய்தியாளர்கள் உள்ள நோயாளிகளோட விவரம் இருக்கிறதைப் பார்த்தாங்க. 2013ல 12,15,780 டாலர் கட்டி அந்த வழக்கை முடிச்சாங்க. நம்ம ஊர்ல பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சுல கொடுக்கும்போது டிஸ்க்கைப் பத்தி யாராவது கேட்டுப் பார்த்திருக்கீங்களா? அழிக்கிறதுக்கான ஆப்ஷனும் பல மெஷின்ல அதே மெனுவுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

கடைசியா நான் செஞ்சது ஒரே ஒரு தாள். எந்த வேலைக்கு எந்த பட்டன்னு தமிழ்ல எழுதி, லேமினேட் பண்ணி, மெஷின் பக்கத்துல ஒட்டினேன். ரிவ்யூல இதைச் சொன்னப்போ "இதெல்லாம் ஒரு ப்ராஜெக்ட்டா?"ன்னு சிரிச்சாங்க. மார்க்கு வராதுன்னு எனக்கும் தெரியும், தலைப்பை மாத்திக்கிட்டேன்.

போன மாசம் தாத்தாவை டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அக்கா யாரோ ஒருத்தரோட ஃபைலை ட்ரேல வச்சுட்டு, அது ஓடி முடியிறதுக்குள்ள போன்ல டோக்கன் சொல்லிக்கிட்டிருந்தாங்க. சாமி படம் பக்கத்து அலமாரிக்குப் போயிடுச்சு, புது மாலையோட.