ஊருக்குக் கிளம்புமுன் கோப்பைத் திறங்கள், தோழர்களே!

ஜூன் பிறந்தால் நம் தமிழ்ப்பள்ளிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பிவிடும். டிக்கெட் போட்டாயிற்று, தாத்தா பாட்டிக்கு வாங்க வேண்டியதும் வாங்கியாயிற்று. போன இடத்தில் பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட் ஆட்டோவில் தொலைந்துபோனால்? சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, “இந்தப் பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால், எத்தனை வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது? டெக்சஸில் பிறந்த தங்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். திருச்சியில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்த அண்ணனுக்கு? அவனுக்காகத்தான் இந்த அறைகூவல்.

சட்டம் அவன் பக்கம்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் சிறார் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் உள்ளது. 18 வயது நிறையாத, கிரீன் கார்டு உள்ள பிள்ளை, குடியுரிமை பெற்ற தாய் அல்லது தந்தையின் சட்டபூர்வப் பொறுப்பில், அவரோடு அமெரிக்காவில் வசித்தால், தானாகவே குடியுரிமை வந்துவிடும். மனுவும் வேண்டாம், உறுதிமொழியும் வேண்டாம். அப்பா வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்ன நேரத்தில், பள்ளியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகனும் குடிமகனாகிவிட்டான்.

ஆனால் அப்பாவுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிய அரசு, மகனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தருவதில்லை. வேண்டுமென்றால் என்-600 படிவம் போடு என்கிறது. 2024 ஏப்ரலில் அதன் கட்டணத்தை இணையவழிக்கு 1,335 டாலர், தாளில் அனுப்பினால் 1,385 டாலர் என்று ஏற்றிவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற உரிமையை எழுதித் தர இந்த விலை! இது அநியாயம் என்று நம் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவோம், அழைத்துச் சொல்வோம். கட்ட வசதியில்லாதவர்கள் கட்டண விலக்கு கேட்க வழியிருக்கிறது. அந்தப் படிவத்தையும் நாமே நிரப்பிக் கொடுப்போம்.

“பாஸ்போர்ட்தான் இருக்கிறதே, பிறகென்ன?” என்கிறீர்கள். சரி, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் குடியுரிமைக்குச் சட்டப்படி ஆதாரம்தான். பழையதைக் கொண்டுபோய் நீட்டினால் புதியதும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் கிடைத்துவிடும். ஆனால் 16 வயதுக்குக் கீழே அது ஐந்தே வருடத்துக்கு. ஒவ்வொரு முறையும் டிஎஸ்-11 படிவத்தில் புதிதாக விண்ணப்பித்து, பெற்றோர் இருவரின் சம்மதத்தோடு, குடியுரிமை ஆதாரத்தை மறுபடி வைக்கவேண்டும். பழையது தொலைந்துவிட்டால் அடியிலிருந்து தொடங்கவேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தாரிடம் பதிவு இருக்கும், தேடியும் எடுப்பார்கள். அதுவரை பள்ளி திறக்காமலா இருக்கும்?

நம் ஆட்களுக்கு வில்லங்கம் வருவது பெரும்பாலும் பெயரில். பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்ததால் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. அதில் அப்பா ‘எஸ். முருகேசன்’, அவருடைய குடியுரிமைச் சான்றிதழிலோ ‘முருகேசன் சுப்பிரமணியன்’. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரை நிரப்பாமல் விட்டதால் விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, அது கிரீன் கார்டிலும் ஒட்டிக்கொண்டது. நமக்கு இது இனிஷியல் சமாசாரம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ஆகவே இந்த முறை ஊருக்குப் போகிறவர்கள் முதல் வேலையாகப் பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சேருங்கள். பதிந்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் சேர்க்க விதி இருக்கிறது. பெரிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்றே தேதியைப் பாருங்கள்.

18 தாண்டிவிட்டால் கிடைத்த குடியுரிமை போய்விடாது. என்-600 எந்த வயதிலும் போடலாம். ஆனால் பிள்ளை உங்களோடு இங்கேதான் வசித்தது என்று காட்டும் பள்ளிப் பதிவும் தடுப்பூசி அட்டையும் எத்தனை வருடம் கிடைக்கும்? மணமுறிவு நடந்த வீடுகளில் நீதிமன்ற உத்தரவையும் இப்போதே வாங்கி வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவில் உங்கள் மகள் இன்னும் வெளிநாட்டவராகவே இருக்கலாம். நீங்கள் போய் மாற்றாவிட்டால், கல்லூரி உதவித்தொகைக்கு எழுதும்போதுதான் அது தலைகாட்டும்.

குடும்பத்தோடு ஊர் திரும்பி அங்கேயே வசிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே வளரும் பிள்ளைக்கு இந்தத் ‘தானாக’ செல்லாது. குடியுரிமை கிடைக்காத பிள்ளைக்கு என்-600கே என்ற வேறு வழி உண்டு. அதற்கான தகுதிகளும் வேறு. பிள்ளை இங்கே வந்து, 18 நிறைவதற்குள் எல்லாம் முடிந்தாகவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதவு அடைபட்டுவிடும். இதை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள்.

வரும் ஞாயிறு தமிழ்ப்பள்ளிக் கூடத்தில் மேசை போடுகிறோம். பிள்ளையின் கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாகக் கொண்டுவாருங்கள். நகலெடுத்து அங்கேயே திருப்பித் தருவோம். ஸ்கேனர் வைத்திருக்கும் தோழர்கள் அரைமணி முன்னால் வரவேண்டும். தத்து, மாற்றாந்தந்தை போன்ற விவகாரங்களை நாம் தொடவேண்டாம். அவற்றைக் குடிவரவு வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவோம். கூட்டங்களுக்கு வராமலே இருக்கும் அந்தப் பக்கத்து அபார்ட்மெண்ட் குடும்பங்களை யார் யார் அழைத்துவருகிறீர்கள் என்று இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.