ஆட்குறைப்புக் காலமும் நமது மௌனமும்

ஓக்லாந்து விமான நிலையம் மங்கரேயில் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்தின் பல குடும்பங்களுக்குச் சோறிடுவதும் அதுவே. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது அந்த வாழ்வாதாரம் ஆட்டங்கண்டது. ஏறத்தாழ 12,500 பணியாளரைக் கொண்டிருந்த ஏர் நியூசிலாந்து நிறுவனம், 3,500 வரையான பணியிடங்கள் குறையலாமென அம்மாத இறுதியில் அறிவித்தது. அரசு 90 கோடி டொலர் கடன்வசதி அளித்தும், ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 4,000 பேர் வெளியேறினர்.

இவ்வெண்ணிக்கையினும், அது நிகழ்ந்த முறையே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. பிரிவு பிரிவாக முன்மொழிவு, கலந்தாலோசனை, தீர்மானம் என மாதக்கணக்கில் அது நீண்டது. அடுத்து யார் என்ற கேள்வியுடன் பணிக்குச் செல்பவரின் ஊக்கம் நாள்தோறும் தேய்கிறது. சகபணியாளர் போட்டியாளராகத் தோன்றுகிறார். எஞ்சியிருப்பவரும் நிம்மதியாக இருப்பதில்லை; சென்றவரின் வேலைப்பளுவும், தாம் மட்டும் தப்பினோமே என்ற உறுத்தலும் அவரை அழுத்துகின்றன. அடிக்கடி மறுசீரமைப்புக்கு உள்ளாகும் கணினித் துறையில் பணியாற்றும் என் போன்றோர் இதனை நன்கு அறிவோம்.

நம்மவர் வீடுகளில் இதனுடன் மௌனமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் அறியக்கூடாது, ஊரிலுள்ள பெற்றோர் கவலைப்படக்கூடாது, கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் எவரும் கேட்டுவிடக்கூடாது என மறைக்கிறோம். தந்தையின் சினத்திற்கும் தாயின் உறக்கமின்மைக்கும் காரணம் அறியாத பிள்ளை, தானே குற்றவாளியென எண்ணுவதும் உண்டு.

இந்த வெட்கத்திற்கு அடிப்படையே இல்லை. இந்நாட்டுச் சட்ட மரபின்படி ஆட்குறைப்பில் நீக்கப்படுவது பதவி. அது ஊழியரின் திறமை மீதான தீர்ப்பு அன்று. 2000ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின்படி, தீர்மானத்திற்கு முன்னரே நிறுவனம் உரிய தகவல்களைத் தந்து ஊழியரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். கூட்டத்திற்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ நம்பிக்கையான ஒருவரையோ அழைத்துச் செல்லலாம். முறைகேடு நிகழ்ந்ததாகக் கருதினால், பொதுவாக 90 நாட்களுக்குள் முறைப்பாட்டை எழுப்ப வேண்டும். மாறாக, ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஒப்பந்தத்தை இன்றே எடுத்து வாசியுங்கள். ஒரே நிறுவனத்துடன் பிணைக்கப்பட்ட வேலை விசாவில் இருப்போர், கடைசி நாள் வரை காத்திராது குடிவரவு ஆலோசனை பெறுவது அவசியம்.

மௌனம் காப்பவருக்கு இவ்வுரிமைகள் பயன்படா. கலந்தாலோசனைக் காலத்தில் கருத்துக் கூறாதவர், தமக்கான ஒரே வாய்ப்பைக் கைவிடுகிறார். சுற்றத்தாரிடம் கூறாதவருக்கு, அடுத்த தெருவிலிருப்பவர் அறிந்த வேலைவாய்ப்பும் தெரியாமற் போகும்.

இளையோரே, வீட்டில் இறுக்கம் தெரிந்தால் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுங்கள். பெற்றோரே, பிள்ளைகளின் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். குடும்பச் செலவைச் சேர்ந்து திட்டமிடுங்கள்.

2022இல் எல்லைகள் மீளத் திறந்தபோது அதே விமான நிறுவனம் மீண்டும் ஆட்களைத் தேடியது. பணியிடங்கள் போகும், வரும். இடைப்பட்ட மாதங்களில் எவரும் தனித்து நின்று தவிக்காதிருக்க, நமது சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இதற்கும் காட்ட வேண்டும்.