அன்று இரவு மட்டும் அவன் நல்லவன்



இந்த நகைச்சுவைச் சிறப்பிதழுக்காகப் பழைய ஊமைப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். அலுவலகம் மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிய படம், சார்லி சாப்ளினின் 'காட் இன் த ரெயின்'. 1914 மே மாதம் வெளியான ஒரே ரீல் படம்.

பூங்கா பெஞ்சில் ஒரு பெண்மணி. கணவர் சற்று அப்பால் போனதுதான் தாமதம், சாப்ளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜொள்ளு விடுகிறார். திரும்பி வரும் கணவர் மேக் ஸ்வெய்ன் ஆளே ஒரு மலை. கோபமும் அதே அளவு. அடித்துத் துரத்துகிறார். குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் சாப்ளினுக்கு விடுதியில் கிடைப்பதோ அந்தத் தம்பதிக்கு எதிர் அறை! அந்த அம்மாளுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி வேறு. நள்ளிரவில் நேராகச் சாப்ளின் அறைக்குள் நடந்து வருகிறார். பூங்காவில் வலிய வழிந்தவருக்கு இப்போது குலை நடுங்குகிறது. அந்த அம்மாளைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்குள் கணவர் வந்துவிட, சாப்ளின் பைஜாமாவோடு வெளியே, கொட்டும் மழையில்.

கணவரின் சந்தேகம் தப்பு. ஆனால் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஒரு பாவமும் அறியாத பிள்ளையை அந்த அறையில் படுக்க வைத்திருந்தால் நமக்கு இரக்கம்தான் வந்திருக்கும். கடைசியில் ஓடிவரும் போலீஸ் கூட்டம் மட்டும் எனக்கு அலுப்பு. போலீஸ் இல்லாமல் படத்தை முடிக்கக் கூடாதென்று இதை எடுத்த கீஸ்டோன் கம்பெனியில் சட்டமோ என்னவோ!

தூக்கத்தில் நடப்பவர் ஆலிஸ் டேவன்போர்ட். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த, இதே போன்ற இன்னொரு விடுதிக் குழப்பமான 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிக்கமென்ட்'டில் கணவரைச் சந்தேகப்படும் மனைவியும் இவரேதான்.

சாப்ளினுக்கு அப்போது வயது 25. தான் இயக்கிய முதல் படம் இதுதான் என்கிறது அவருடைய சுயசரிதை. படத்தை வெளியிட முடியாமல் போனால் தன் சேமிப்பு 1,500 டாலரைத் தந்துவிடுவதாக முதலாளி மேக் செனட்டிடம் சொல்லித்தான் வாய்ப்பை வாங்கினாராம். வாரம் 150 டாலர் சம்பளக்காரருக்கு அது பத்து வார உழைப்பு. படம் வெளியானது, பணம் பிழைத்தது.

இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் கணவர் கட்சியா, சாப்ளின் கட்சியா? எழுதுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஓட்டு சமமாக நிற்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்