அவையில் முழங்கும் சோழர். வகுப்பறையில் சுருங்கும் வரலாறு

புது தில்லி: புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நரேந்திர மோடி உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துரைத்தார். அந்தக் கட்டடம் 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டபோது மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே செங்கோல் நிறுவப்பட்டது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்ட பிரதமர், குடவோலை முறையை மீண்டும் நினைவுகூர்ந்தார். தலைநகர அரசியலில் சோழர் பெயர் இத்தனை முறை ஒலித்த காலம் அண்மையில் வேறில்லை.

இதே தலைநகரில் சோழரை முறையாகப் பயிலும் இடமும் ஒன்று உண்டு. தில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் நடத்தப்படும் பி.ஏ. வரலாறு (ஹானர்ஸ்) படிப்பில், கி.பி. 750 முதல் 1200 வரையிலான இந்திய வரலாறு ஒரு தனித் தாள். ராஷ்டிரகூடர், பாலர், ராஜபுத்திரர் ஆகியோருடன் சோழர் அரசமைப்பும் அதில் இடம்பெறுகிறது. 2015-ஆம் ஆண்டு அறிமுகமான விருப்பத் தேர்வு முறையில், இத்தகைய முதன்மைத் தாள் ஒவ்வொன்றுக்கும் 6 கிரெடிட். வாரத்துக்கு 5 விரிவுரைகள். 2020 தேசிய கல்விக் கொள்கையை ஒட்டி 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் அதே தாளுக்கு 4 கிரெடிட். வாரத்துக்கு 3 விரிவுரைகள். பருவம் ஒன்றுக்கு 15 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், 75 வகுப்புகள் 45 ஆகிவிட்டன. கடக்க வேண்டிய காலமோ அதே நாலரை நூற்றாண்டு.

மேடைப் பேச்சுக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உத்தரமேரூரைக் கொண்டே விளக்கிவிடலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும், கணக்குக் காட்டாதவர்களும் அவர்தம் உறவினரும் வாரியங்களுக்குத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டதும் அவற்றில் உள்ளன. மேடைகளில் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் இவ்வளவே.

கல்லூரி வகுப்பு அடுத்த வரியையும் படிக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், வேதப் பயிற்சி உடையவராகவும் இருப்போரின் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். முடிவெடுத்தது அந்தணர் சபை. பக்கத்து வேளாண் ஊர்களில் இருந்த 'ஊர்' என்னும் அவை வேறு வகையானது. பெண்களும் நிலமற்றோரும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றனர். இவ்வாறு கேட்பதால் உத்தரமேரூரின் பெருமை குறைந்துவிடாது. பொது நிர்வாகத்தில் கணக்கு ஒப்படைக்காதவரை விலக்கிவைக்கும் விதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டது சாதாரணச் செய்தியன்று. ஆனால், அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா என்பதே வகுப்பறையின் கேள்வி.

இந்தக் கேள்வியின் பின்னே முக்கால் நூற்றாண்டு விவாதம் இருக்கிறது. 1930-களில் சோழர் வரலாற்றை எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, வலிமையான மைய நிர்வாகமும் துடிப்பான உள்ளாட்சியும் ஒருங்கே அமைந்த பேரரசாகச் சோழரைக் கண்டார். அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின் 1980-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். மன்னனின் நேரடி அதிகாரம் காவிரிப் படுகையைத் தாண்டிப் பெயரளவிலேயே இருந்தது என்றும், நாடுகளே உண்மையான அலகுகள் என்றும் வாதிட்டார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மூன்றாவது வழியைத் தேர்ந்தனர். ஊகத்தை ஒதுக்கி, கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் வரிச் சொற்களையும் ஆயிரக்கணக்கில் எண்ணித் தொகுத்தனர். முதலாம் ராஜராஜன் காலத்திலும் அவனை அடுத்தும் அதிகாரிகளின் பட்டங்கள் பெருகியதை அந்த எண்ணிக்கை காட்டியது. ஸ்டெயினின் வாதம் ஆட்டம் கண்டது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர். செம்பகலட்சுமி, கோயிலையும் வணிகத்தையும் நகரங்களையும் முன்னிறுத்தி வேறொரு கோணத்தைத் தந்தார்.

இந்த நான்கு பார்வைகளையும் படித்து, யார் எந்தச் சான்றின் மீது நிற்கிறார் என்று எடைபோடுவதுதான் ஹானர்ஸ் படிப்பின் சாரம். அதற்கு வேண்டியது நேரம். அது குறையும்போது நிகழ்வது எளிதில் ஊகிக்கத்தக்கது: நான்கு நூல்கள் நான்கு பத்திகளாகும், நான்கு பத்திகள் தேர்வுக் குறிப்பாகும்.

முதன்மைத் தாள்களின் எண்ணிக்கை கூடியிருப்பதும் உண்மையே. முந்தைய மூன்றாண்டுப் படிப்பில் 14 இருந்தன. புதிய திட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் 18. ஆக, தாள் கூடிற்று. தாளுக்குரிய நேரம் குறைந்தது. மிச்சமான நேரம் திறன் மேம்பாடு, மதிப்புக் கூட்டு ஆகிய பாடங்களுக்குச் சென்றிருக்கிறது. 'தூய்மை இந்தியா', 'ஃபிட் இந்தியா', 'மகிழ்ச்சியாக இருக்கும் கலை' போன்றவை தலா 2 கிரெடிட் பெறும் பாடங்கள். மகிழ்ச்சி நல்லதுதான், அது கராஷிமாவின் இடத்தில் அமர வேண்டுமா என்பது வேறு விஷயம்.

யார் முடிவு செய்வது?

நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் கல்வி அமைச்சகம் தரும் பதிலின் சாரம் எந்த ஆட்சியிலும் மாறுவதில்லை: பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி அமைப்புகள், பாடத்திட்டம் அவற்றின் சட்டபூர்வ அமைப்புகளின் பொறுப்பு. சட்டப்படி இது சரியே. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் உள்ளது; அதன் கருவி 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழு. எந்தத் தாளில் எந்த நூல் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு.

நடைமுறை அப்படியில்லை. 2013-இல் தில்லி பல்கலைக்கழகம் நான்காண்டுப் பட்டப் படிப்பைக் கொண்டுவந்தது. 2014-இல் ஆட்சி மாறியதும் மானியக் குழுவின் உத்தரவால் அது ஒரே ஆண்டில் கைவிடப்பட்டது. அன்று மாணவர் நலனுக்கு எதிரானது எனப்பட்ட நான்காண்டு வடிவம், எட்டு ஆண்டுகள் கழித்துத் தேசியக் கொள்கையின் பெயரால் அதே வளாகத்துக்குத் திரும்பியது. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. 2020 கொள்கைக்கு ஜூலை 29-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோடு சரி. அவைகளின் ஒப்புதல் கோரப்படவில்லை. கல்லூரி வரலாற்றுப் பாடத்தின் கால அளவை மாற்றியமைத்த முடிவு, மக்கள் பிரதிநிதிகள் முன் வரவேயில்லை.

கல்விக் குழுவே முடிவெடுத்தாலும் அது அறிஞர் முடிவாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஏ.கே. ராமானுஜன் விவகாரம் அதற்குச் சான்று. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் உலகறியச் செய்த ராமானுஜன், ராமாயணத்தின் பல வடிவங்களைப் பற்றி எழுதிய கட்டுரை பி.ஏ. ஹானர்ஸ் வரலாற்று மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. வால்மீகியையும் கம்பனையும் அருகருகே வைத்துப் படிக்கும் கட்டுரை அது. 2008 பிப்ரவரியில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் நடத்திய போராட்டத்தின்போது வரலாற்றுத் துறை அலுவலகம் சூறையாடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, நால்வர் கொண்ட நிபுணர் குழு அமைக்கப்பட்டது. மூவர் கட்டுரை நீடிக்கலாம் என்றனர். ஒருவர் மட்டுமே மாறுபட்டார். ஆயினும் 2011 அக்டோபரில் கூடிய கல்விக் குழு கட்டுரையை நீக்கியது. அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. பாடத்திட்டத்தில் தலையீடு ஒரு கட்சிக்கே உரிய நோய் என்று பேசுவோர் இந்தத் தேதியைக் கவனிப்பது நல்லது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2021-இல் மானியக் குழு பி.ஏ. வரலாற்றுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. 'பாரதம் என்னும் கருத்து' அதன் முதல் தாள். வேதங்கள், உபநிடதங்கள், இதிகாசங்கள், பௌத்த, சமண இலக்கியங்கள் அதில் இடம்பெற்றன. சிந்துவெளி நாகரிகத்தோடு சரஸ்வதியின் பெயரும் இணைக்கப்பட்டது. ஆர்.எஸ். சர்மா, இர்ஃபான் ஹபீப் ஆகியோரின் நூல்கள் வாசிப்புப் பட்டியலில் இல்லை என்று விமர்சகர்கள் சுட்டினர். வரைவை ஆதரித்தவர்களோ, பழைய பாடத்திட்டங்கள் இந்தியச் சிந்தனை மரபுக்கு உரிய இடம் தரவில்லை என்றனர்.

இரண்டாவது வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. தலைநகரில் வகுக்கப்பட்ட பாடத்திட்டங்களில் கங்கைச் சமவெளியே நெடுங்காலம் இந்தியாவாக இருந்தது. தெற்கும் வடகிழக்கும் இணைப்புகளாகவே வந்தன. ஆனால், அதற்கு மாற்று வேறொரு முடிவைப் பாடமாக்குவதன்று. வேதத்தையும் புராணத்தையும் சான்றாக வைத்து, எப்போது, யாரால், யாருக்காக இயற்றப்பட்டவை என்று கேட்டால் அது வரலாற்றுத் தாள். அந்தக் கேள்வியைத் தவிர்த்தால் அது வேறொன்று.

வாசிப்பதற்கு நூல் எங்கே?

எந்தப் பெயர் பட்டியலில் உள்ளது என்று இரு தரப்பும் மோதிக்கொள்ள, பட்டியலில் உள்ள நூலை மாணவர் எந்த மொழியில் படிக்கிறார் என்ற கேள்வி யாருடைய கவனத்திலும் இல்லை. தில்லி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் தேர்வை இந்தியிலும் எழுதலாம். பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். வாசிப்புப் பட்டியலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல்கலைக்கழகத்தின் இந்தி வழிக் கல்வி இயக்ககம் பல ஆண்டுகளுக்கு முன் பதிப்பித்த பண்டைய, இடைக்கால வரலாற்றுத் தொகுப்புகள் இன்றும் அவர்களுக்குத் துணை. அண்மை ஆய்வுகள் வேண்டுமெனில், கடைகளில் விற்கும் வினா-விடைக் குறிப்புகளே கதி. இந்திக்கே இந்த நிலை.

ஆங்கிலம் அறிந்த மாணவருக்கும் நூல் எளிதில் கிட்டுவதில்லை. தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு நகலகம், ஆசிரியர்கள் பரிந்துரைத்த அத்தியாயங்களைத் தொகுத்து நகல் எடுத்துத் தந்துவந்தது. 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் அதன் மீது வழக்குத் தொடுத்தன. கல்விக்காக நகல் எடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது என 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரலாறு பயிலும் மாணவருக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய உதவி, எந்தக் கல்வித் திட்டத்திலிருந்தும் வரவில்லை. ஒரு நகல் கடை வென்ற வழக்கிலிருந்து வந்தது.

முன்னோடி முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1972-இல் ஆர்.எஸ். சர்மாவை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், முக்கிய வரலாற்று நூல்களை இந்திய மொழிகளில் பெயர்க்கும் திட்டத்தை மேற்கொண்டது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு தமிழில் கிடைப்பதும் அத்தகைய முயற்சிகளால்தான். இப்போது மத்திய அரசு மீண்டும் மொழிகளைப் பற்றிப் பேசுகிறது. இந்திய மொழிகளில் ஐந்தாண்டுகளில் 22,000 உயர்கல்வி நூல்களை உருவாக்கும் 'அஸ்மிதா' திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2025 நிதிநிலை அறிக்கையில் 'பாரதிய பாஷா புஸ்தக்' திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை பெரிது. அந்த எண்ணிக்கையில் வரலாற்று ஆய்வு நூல்களுக்கு எவ்வளவு இடம் என்பதே உறுப்பினர்கள் கேட்க வேண்டிய துணைக் கேள்வி.

நுழைவாயிலும் மாறிவிட்டது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 'க்யூட்' பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ் உள்பட 13 மொழிகளில் நடைபெறுவது அதன் சிறப்பு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மட்டுமே இருப்பது அதன் குறை. உத்தரமேரூர் கல்வெட்டு யார் காலத்தது என்று அத்தேர்வு கேட்கலாம். அதில் யாருக்கு இடமில்லை, ஏன் என்று எழுதச் சொல்ல அதனால் இயலாது.

2022-இல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் 2025-இல் நான்காம் ஆண்டுக்கு வந்தனர். ஆய்வேடு எழுதுவது அந்த ஆண்டின் முக்கியப் பகுதி. புதிய திட்டத்தின் உண்மையான வாய்ப்பும் அதுதான். தேசிய ஆவணக் காப்பகம் ஜன்பத்தில் இருப்பதால் நவீன கால வரலாற்றைத் தேர்வோருக்கு வசதி. சோழரைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு ஆங்கிலச் சுருக்கங்கள் போதா. கல்வெட்டுத் தமிழ் தெரிந்தாக வேண்டும். தமிழ் கற்பிக்கும் நவீன இந்திய மொழிகள் துறையும் வரலாற்றுத் துறையும் தில்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்திலேயே, நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கின்றன.