இருமல் இதயத்தைத் தொடுமுன்

பழவேற்காட்டு ஏரியில் இரவெல்லாம் இறால் வலையோடு நிற்கிற மீனவருக்கு விடாத இருமல் வந்தால், பனி என்றும் உப்புக்காற்று என்றும் சொல்லிவிடுவது சுலபம். இழுப்பும் சேர்ந்தால் ஆஸ்துமா என்பார்கள்; காசம் என்று அஞ்சுவார்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்குவதால் வரும் ஈஸினோபீலியா அது.

இது புதிய செய்தியல்ல. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் ஆஸ்பத்திரி வைத்தியர்கள், காசம் போலத் தோன்றியும் காசமல்லாத இந்நோயை 1940லேயே எழுதிவைத்தார்கள். யானைக்கால் புழுவுக்கு டி.இ.சி. மருந்து 1947ல் வந்தது. உடல் எடைக்கேற்ப அதை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இருமல் அடங்கும். விலையும் மலிவு.

எப்போது கொடுப்பது என்பதே கேள்வி. நாட்பட விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் ஓய்ந்துபோகும். கால் வீங்கும், படகு தள்ள மூச்சு இராது. அந்த நிலையில் மாத்திரை புழுவைக் கொல்லலாம். கெட்ட இதயத்தைத் திருப்பித் தராது.

தென் அமெரிக்க ஏழைகளின் அனுபவமும் இதுவே. அங்கே மண்சுவர் வெடிப்பில் வாழும் பூச்சி பரப்புகிற சாகஸ் நோய் இதயத்தையே அரிக்கிறது. இதயம் பாதிக்கப்பட்ட 2,854 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015ல் வெளிவந்தது. பென்ஸ்னிடசோல் மருந்து ரத்தத்தில் கிருமியைக் குறைத்தது. இதயச் சேதம் வளர்வதைக் கணிசமாகத் தடுக்கவில்லை.

2004ல் சர்க்கார் நாடு தழுவித் தொடங்கிய ஆண்டுக்கொரு வேளை யானைக்கால் மாத்திரை, நோய் பரவாமலிருக்க. இருமுகிறவருக்கு அது போதாது. ஆகவே நாம் கோருவது இது:

இரண்டு வாரம் இருமுகிற எவருக்கும் சளியோடு ரத்தமும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் உறுதியானால் மூன்று வார மாத்திரையும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். நோய் திரும்பக்கூடியது, ஆகவே கூனங்குப்பம், அரங்கம்குப்பம் போன்ற ஊர்களுக்கே நர்சு வந்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏரியில் தன் பாடு வரும் நாளை விட்டுவிட்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினால் அன்று அடுப்பு எரியாது என்பதை அதிகாரிகள் உணர வேண்டும். கொசு வளரும் சாக்கடைகளும் தூர்வாரப்பட வேண்டும்.

மீனவ சகோதரர்களே! இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று வாரமும் முடியுங்கள். மலிவான மருந்து கையிலிருக்க, அது தாமதமாக வந்ததால் ஓர் உழைப்பாளியின் இதயம் கெடுவதை விதி என்று நாம் ஏற்க முடியாது.