பி.எச். கருவிக்கும் திருத்தம் வேண்டும்

நெல் விற்கச் செல்லும் குடியானவர், வியாபாரியின் தராசையும் எடைக்கற்களையும் ஒரு முறை உற்றுப் பாராமல் மூட்டையை இறக்குவதில்லை. எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இல்லையேல் அவர் ஆட்சேபிப்பதும் நியாயமே. ஆனால் அதே குடியானவர், தம் நிலத்து மண்ணைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, ‘பி.எச். 8.4’ என்று எழுதி வரும் சீட்டைப் பெறும்போது, அந்த எண்ணை அளந்த கருவி எப்போது, எதைக்கொண்டு திருத்தப்பட்டது என்று ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் நஷ்டம் அந்த ஒரு கிலோவோடு தீரும். மண்ணின் எண் தவறினாலோ, நஷ்டம் போகத்துக்குப் போகம் தொடரும்.

பி.எச். என்பது மண்ணின் அமிலத்தையும் காரத்தையும் குறிக்கும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இக்கணக்கை 1909ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து ரசாயன நிபுணர் சோரன்சன் வகுத்தார். இதில் ஓர் எண் ஏறினால் மாறுதல் பத்து மடங்கு, 0.3 ஏறினாலே இரண்டு மடங்கு. ஆகவே புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தை அற்பமென்று தள்ளிவிடலாகாது. 8.5க்கு மேற்பட்ட எண் களர் நிலத்தின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் களர்ப் பகுதிகளில் 8.4க்கும் 8.7க்கும் உள்ள வித்தியாசம், ஜிப்சம் இடுவதா வேண்டாமா என்னும் வித்தியாசமாகும்.

இந்த எண்ணை அளக்கும் கருவி பிறந்ததே விவசாயிகளின் தேவையினால்தான் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழியின்றிப் பழ உற்பத்தியாளர் சங்கத்தின் ரசாயன நிபுணர் ஒருவர் திண்டாடினார். சாறு கெடாதிருக்கச் சேர்த்த கந்தக வாயு, லிட்மஸ் காகிதத்தின் நிறத்தை வெளுக்கச் செய்துவிட்டது. அவருக்காக அவர் நண்பர் ஆர்னால்டு பெக்மன் அமைத்துக் கொடுத்த கருவியே இன்றைய பி.எச். கருவிகளுக்கு முன்னோடி.

இக்கருவியின் உயிர்நிலை அதன் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ். இதையுடைய மின்முனையை மண்ணும் நீரும் கலந்த கரைசலில் அமிழ்த்தினால் சிறிதளவு மின்னழுத்தம் தோன்றும். கருவி அதை எண்ணாக மாற்றிக் காட்டும். கண்ணாடி நாளடைவில் மாறும் இயல்புடையது. அதனால், எண் முன்னமே நிச்சயிக்கப்பட்ட பஃபர் கரைசல்களில் மின்முனையை அமிழ்த்திக் கருவியைத் திருத்த வேண்டும். 4, 7, 9.2 ஆகிய மூன்று கரைசல்கள் வழக்கத்தில் உள்ளன.

திருத்தம் இரு வகைப்படும். முதலாவது, 7 என்னும் இடத்தில் கருவியைச் சரியாக நிறுத்துவது. இரண்டாவது, அங்கிருந்து மேலும் கீழும் அது சரியான எட்டு வைக்கிறதா என்று பார்ப்பது. நல்ல மின்முனை 25 டிகிரி வெப்பத்தில் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் காட்டும். களிமண் படிந்து முதுமையடைந்த மின்முனை இதில் 100க்கு 85 பங்கு மாத்திரமே காட்டுவதாகக் கொள்வோம். 7 என்னும் ஒரே கரைசலைக்கொண்டு திருத்துபவருக்கு இக்குறை கண்ணில் படாது. ஏனெனில் 7இல் கருவி சரியாகவே நிற்கும். ஆனால் உண்மையில் 8.7 உள்ள மண்ணை அது 8.4 என்று காட்டும். களர் நிலத்துக்குச் சொந்தக்காரர் நல்ல நிலமென்று நம்பி, பயிர் ஏன் மஞ்சளிக்கிறது என்று அறியாமல் மேலுக்கு மேல் யூரியா இடுவார். நீலகிரி மலைச்சரிவில் 4.5 உள்ள அமில மண்ணையும் அக்கருவி 4.9 என்றே சொல்லும். ஆக, இப்படித் திருத்தப்பட்ட பழைய மின்முனை கெட்ட நிலத்தை எப்போதும் சற்று நல்ல நிலமாகவே காட்டும். கேட்பவருக்கு இனிக்கும் பொய்யாகையால் இதை எவரும் சந்தேகிப்பதில்லை.

இரண்டாம் கரைசலைக்கொண்டு திருத்தினாலும் ஆபத்து முற்றும் நீங்கிவிடாது. 9.2 கரைசல் வெண்காரத்தால் ஆனது. புட்டியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அதன் எண் இறங்கும். 9.0க்கு இறங்கிய கரைசலை 9.2 என்று நம்பித் திருத்தினால், உண்மையில் 8.4 உள்ள மண் 8.5ஐத் தாண்டிக் காட்டும். அப்போது நல்ல நிலத்தில் ஜிப்சம் கொட்டப்படும். கரைசலைத் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளும் கருவிகள் இன்று உண்டு. புட்டியில் இருப்பது பழையது என்பதை அவையும் அறியமாட்டா. சித்திரை வெயிலில் அறை 35 டிகிரியாகும்போது, புதிய வெண்காரக் கரைசலும் 9.18இலிருந்து 9.10க்கு இறங்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். மின்முனையை வாலைநீரில் ஊறவைப்பது சில இடங்களில் வழக்கமாக இருப்பினும் அது தவறு. பொட்டாசியம் குளோரைடு கரைசலிலேயே வைத்தல் வேண்டும்.

ஜிப்சத்தின் அளவை நிர்ணயிக்க வேறு பரிசோதனை உண்டு என்பது உண்மையே. ஆயினும் அப்பரிசோதனைக்கு மண்ணை அனுப்புவதா என்று முதலில் தீர்மானிப்பது இந்த எண்தான். மேலும், 2015ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசனப் பகுதியில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று விதிக்கப்பட்டது. அவ்வகையில் ஒரு தவறான எண் ஒருவர் வயலோடு நில்லாமல், பக்கத்து வயல்காரர் பலருக்கும் பங்கிடப்படுகிறது.

ஆதலால், பரிசோதனைச் சாலை தரும் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று விவரங்கள் சேர்க்கப்படுதல் அவசியம்: கருவி திருத்தப்பட்ட தேதி, திருத்திய இரு கரைசல்கள், மின்முனையின் எட்டு 100க்கு எத்தனை என்பது. மாதிரிகள் மலையாகக் குவியும்போது இதற்கு நேரமேது என்று சிலர் சொல்லக்கூடும். காலையில் இரு கரைசல்களில் கருவியைத் திருத்தக் கால் மணி நேரம் போதும். நடுவில் ஒரு முறை சரிபார்க்க அதிலும் குறைவு. அதைச் செய்யாத நாளில் அளந்த எண்களைச் சீட்டில் எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.

அதுவரையில் குடியானவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிழலில் உலர்த்தி நன்றாகக் கலந்த மண்ணை இரண்டு பைகளில் கட்டி, ஒன்றை உடனே அனுப்பி, மற்றொன்றை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு அனுப்புவதில் பயனில்லை; கருவி தன் தவற்றையே இரு முறை சொல்லும். இரண்டாம் பையை வேறொரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். கிராமத்துக்குப் பத்துக்கு ஒரு மாதிரியை இப்படி இரட்டையாக அனுப்புவதைக் கிராம அதிகாரிகள் மேற்பார்த்தால் செலவும் பெரிதாகாது. இரு எண்களும் 0.2க்கு மேல் விலகியிருப்பின், ஜிப்சத்துக்கு வண்டி பேசுமுன் இரு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரிற் சென்று, 9.2 கரைசல் புட்டி எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்று கேட்கலாம்.