புல் பார் யாரைக் காப்பாற்றுகிறது?

என் அண்ணன் அண்மையில் புது பிக்கப் வண்டி எடுத்தார். செரண்டா பக்கம் செம்பனைப் பழம் வெட்டும் குத்தகை வேலை அவருக்கு. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் சாதாரணக் காரை ஓட்ட முடியாது. ஆகவே வண்டி தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. வண்டி வாசலுக்கு வந்த மறுநாளே ஒரு பட்டியலை நீட்டினார். முன்னால் கனத்த இரும்பு புல் பார், அதன் மேல் எல்.இ.டி. விளக்குப் பட்டை, வின்ச், ஸ்நோர்க்கல், பெரிய டயர். “நீதான் அறிவியல் டீச்சர் ஆச்சே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு மா” என்றார்.

பார்த்தேன். சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் சொன்னதையே மாணவர்களாகிய உங்களிடமும் சொல்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் சொந்தமாக வண்டி வாங்குவீர்கள். நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுக்கும் மாணவர்களுக்கு இது பாடமும்கூட.

ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இரும்பு புல் பார் வேண்டாம் என்பது என் கருத்து.

புல் பார் ஆஸ்திரேலியாவில் புகழ் பெற்றதற்குக் காரணம் உண்டு. அங்கே உட்பகுதியில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் இருக்கும். இரவில் கங்காரு குறுக்கே பாய்ந்து ரேடியேட்டர் உடைந்தால், உதவி வரும்வரை வெட்டவெளியில் கிடக்க வேண்டியதுதான். அந்த இடத்துக்கு அந்தக் கம்பி நியாயம். அண்ணனும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். “இங்கேயும் காட்டுப்பன்றி வருது, மாடு வருது, காட்டோரத்துல தாப்பிர்கூட வருதே?” என்றார். வருகிறதுதான். ஆனால் தோட்டத்துப் பாதையில் நாம் மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் ஊர்ந்துதான் போகிறோம். பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடும். வேகமாக ஓடுவது ராவாங்குக்கும் பத்தாங் காலிக்கும் போகும் பெரிய சாலையில். அங்கே நம் எதிரே வருவது காட்டுப்பன்றி அல்ல, மோட்டார் சைக்கிள்.

ஒரு முறை வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், இரும்பு பலமா இருந்தா உள்ளே இருக்கிறவங்களுக்கு நல்லதுதானே?” நல்ல கேள்வி. பதில், பள்ளியில் நாங்கள் நடத்திய முட்டைப் போட்டியில் கிடைத்தது. மாடியிலிருந்து பச்சை முட்டையைப் போட வேண்டும், அது உடையக்கூடாது. ஒருவன் முட்டையை மிலோ டின்னுக்குள் வைத்து இறுக மூடிப் போட்டான். டின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே முட்டை கூழாகிவிட்டது. இன்னொரு மாணவி நாளிதழைக் கசக்கி முட்டையைச் சுற்றி அடைத்திருந்தாள். அவளுடைய பெட்டி நசுங்கிப்போனது, முட்டை பிழைத்தது.

நீங்கள் மலாயில் ‘இம்புல்ஸ்’ என்று படிக்கும் கணத்தாக்கு இதுதான். ஓடும் பொருள் நின்றால் அதன் உந்தம் பூச்சியமாக வேண்டும். அது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்பதுதான் கேள்வி. நேரம் குறைந்தால் விசை கூடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி சுவரில் மோதி, முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் உணரும் வேகத்தளர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு. அதே வண்டி பத்தே சென்டிமீட்டரில் நின்றால் 60 மடங்கைத் தாண்டும். சூத்திரம் உங்களிடம் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

நசுங்குவது வண்டியின் குறை அல்ல, வேலை. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரேனி. உள்ளே மனிதர் இருக்கும் கூடு உறுதியாகவும், முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் நசுங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று 1951இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது விற்பனைக் காரில் வந்தது. இன்று வண்டியின் முன்பகுதி எந்த வரிசையில், எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே செய்கிறார்கள். காற்றுப்பையும் அந்தக் கணக்கையே நம்பியிருக்கிறது. மோதியவுடன் வேகம் குறையும் விதத்தை உணர்கருவி படிக்கிறது. கண் இமைப்பதற்குள் பை விரிந்தாக வேண்டும். அந்தக் கணக்கின் முன்னால், பட்டறையில் பற்றவைத்த இரும்புக் குழாயைச் சட்டகத்தோடு போல்ட் போட்டு முடுக்கினால் என்ன ஆகும்? கருவி முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம், தாமதமாகவும் விழிக்கலாம். அந்தந்த வண்டிக்கென்றே சோதித்துச் செய்த பார்களும் உண்டு, விலை அதிகம். அண்ணன் பட்டியலில் இருந்தது அந்த வகை இல்லை.

ஆனால் என் பெரிய கவலை வண்டிக்குள் இருப்பவரைப் பற்றியது அல்ல. அவருக்கு இருக்கைப்பட்டை இருக்கிறது. வெளியே இருப்பவருக்கு என்ன இருக்கிறது?

நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பள்ளி விடும் நேரத்தில் எங்கள் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கப்சாயில் போகும் அண்ணன், சாலையைக் கடக்கும் முதலாம் படிவப் பிள்ளை. பிக்கப்பின் முன்பகுதி ஏற்கெனவே உயரம். அந்தப் பிள்ளையின் நெஞ்சும் தலையும் இருக்கும் உயரத்தில்தான் புல் பாரின் மேல் குழாய் வருகிறது.

இன்றைய வண்டிகளின் பானட் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். தலை மோதினால் தகடு உள்வாங்கட்டும் என்பதற்காக. தலை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மோதி, தகடு 7 சென்டிமீட்டர் உள்வாங்கினால் வேகத்தளர்ச்சி புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு அளவில் இருக்கும். இரும்புக் குழாய் உள்வாங்காது. ஒரு சென்டிமீட்டரில் தலை நின்றால் 320 மடங்கு. முதலாவதில் பிழைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. அதே விசை ஒரு குழாயின் அகலத்தில் குவிவதால் அழுத்தமும் கூடுகிறது.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல், பாதசாரிக்கு என்ன ஆகும் என்று சோதித்துத் தேறிய முன்புறக் கம்பிகளையே விற்கலாம் என விதி செய்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, இத்தகைய கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தமிழ்ப் படங்களில் வில்லன் வரும் வண்டிக்கு மட்டும் அந்தக் கம்பி இன்னும் கழற்றப்படவில்லை! அந்தக் காட்சிகளைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு ஆசையே வருகிறது என்பது என் சந்தேகம்.

எடையையும் பாருங்கள். இரண்டாம் படிவத்தில் படித்த நெம்புகோல்தான். பாரும் வின்ச்சும் சேர்ந்து 90 கிலோ, அது முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிறது, பின் அச்சு 3 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். முன் சக்கரங்களில் கூடுவது 90 கிலோ அல்ல, 120. மிச்ச 30 கிலோ எங்கிருந்து வந்தது? பின் சக்கரங்களிலிருந்து. காலியாக ஓடும் பிக்கப்புக்குப் பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைவு. சாதாரண ஓட்டத்தில் வண்டியைத் தள்ளுவதோ பின் சக்கரங்கள். மழை நனைத்த வளைவில் அந்த 30 கிலோ இல்லாதது தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்நோர்க்கல் எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுத்துத் தரும். நீர் உருளைக்குள் போனால் அதை அமுக்க முடியாததால் எஞ்சின் தண்டு வளைந்துவிடும், அதைத் தடுக்கும். அவ்வளவுதான். ஒவ்வொரு கன மீட்டர் நீரை விலக்கும்போதும் வண்டியை ஆயிரம் கிலோ எடைக்குச் சமமான விசை மேலே தூக்குகிறது. ஓடும் வெள்ளம் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பிக்கப்பை அடித்துச் செல்லக்கூடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவைப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய டயரில் இன்னொரு சிக்கல். 17 அங்குல ரிம்மில் 265/65 டயரைக் கழற்றி 285/70 போட்டால் விட்டம் 7 விழுக்காடு கூடும். மீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 96இல் போவீர்கள். விளக்குப் பட்டை, எதிரே வரும் மோட்டார் சைக்கிளோட்டியைச் சில விநாடிகளுக்குக் குருடாக்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? சேற்றில் பிடிப்புள்ள, வண்டியின் அளவுக்கே உரிய டயர் நான்கு. அழுத்தமானி ஒன்று, சிறிய காற்றுப் பம்பு ஒன்று. சேற்றில் சிக்கினால் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், தரையைத் தொடும் பரப்பு கூடி வண்டி வெளியே வரும். பெரிய சாலைக்கு ஏறுமுன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். இழுவைக் கயிறு, மண்வெட்டி, அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து காக்கும் தகடு. எதை மாற்றுவதானாலும் பணம் கட்டுமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

அண்ணன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை என் அண்ணன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தவர், அவளை வண்டியின் முன்னால் நிறுத்தி, கையால் உயரம் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரவு பட்டியலில் புல் பாரும் வின்ச்சும் அடிக்கப்பட்டிருந்தன. விளக்குப் பட்டை பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.